ஓசியில் கிடைத்த வாழ்க்கை

"கோல்ஃப் ப்ரோவா இருக்கறதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயங்கள் என்னென்ன சார்? ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று கவியா கேட்டாள். ஸ்பான்சரான பைப் கம்பெனியின் யூடியூப் சேனலுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த பெண். பனியில் நடுங்கிக்கொண்டே சிரித்தாள், பாவம்.

கோல்ஃபையே பிழைப்பாக ஆடும் என் கணவர் ஜெயபிரகாஷும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் பார்க்க முடியாது. ஸ்பான்சர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் எடுத்து மாட்டிக்கொள்வார்.

"ஃபர்ஸ்ட், ஊரு சுத்தறது. நம்ம காசு செலவில்லாம உலகம் பாக்கலாம். ரெண்டாவது, எல்லாமே குடுத்துருவாங்க. ஷூ, சட்டை, ஸ்டிக், பந்து, நல்ல ஹோட்டல், போக வரக் கார். பர்ஸைத் தொடவே வேண்டியதில்ல. மூணாவது, எங்க ஆபீஸைப் பாருங்க." கையை அகலமாக நீட்டிச் சேர்வராயன் மலையையே தன் பெயரில் பட்டா போட்டது போலக் காட்டினார்.

நான் பையோடு பக்கத்தில் நின்றேன். என் பெயர் சுஜாதா. அவருக்கு மனைவி, ஆட்டம் நடக்கும்போது அவர் பையைச் சுமக்கிறவள். ஆளை வைத்துச் சுமக்கவைக்க வசதியில்லாததால் ஆரம்பித்தது. பிறகு 'மனைவியே பை சுமக்கிறாள்' என்று ஒரு பத்திரிகை படம் போட, அது அழகாக இருப்பதாக ஸ்பான்சர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. குடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போன வருஷம் கொடுத்த ஷூ காலுக்குச் சிறியது. மாற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று ஒரு சீசன் முழுக்க அதையே போட்டு ஆடினார். ஒரு ராத்திரி அவர் கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் என் கையோடு வந்தது. நகத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அதே கையால் அந்த ஷூவைத் துடைத்து வைத்தேன். மறுநாள் அதற்குப் படம் எடுக்க ஆள் வந்திருந்தார்கள்.

ஊர் சுற்றுகிற அழகும் அப்படித்தான். எந்த ஊருக்குப் போனாலும் எனக்குத் தெரிவது துணி துவைத்துத் தரும் கடையும் வலி மாத்திரை விற்கும் கடையும்தான். கார் மூன்றாம் நாள் திரும்பிப் போய்விடும். குடியிருக்கும் பெங்களூரில் நாங்கள் பஸ்ஸில்தான் போய்வருவோம்.

"நாலாவது, பெரிய பெரிய மனுஷங்க பழக்கம்" என்றார் கேமராவைப் பார்த்து. "அதுதான் எல்லாத்துக்கும் மேல."

அந்தப் பெரிய மனிதர் அருண்குமார் பத்தடி தள்ளி மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். சேலத்தில் பைப் கம்பெனி முதலாளி. தின்று முடித்ததும் வந்து என் கணவர் தோளில் கை போட்டு, அவருடைய சட்டைக் கையிலேயே விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நம்ம கம்பெனி சட்டைதானே ப்ரோ" என்றார்.

என் கணவர் அதற்கும் சிரித்தார். சட்டைக் கையில் கம்பெனியின் பெயர் போட்ட இடத்தில் எண்ணெய் ஊறி இறங்கியது. கவியா அந்தப் பக்கம் படத்தில் வராமல் நிற்கச் சொன்னாள்.

"ஊர்க்காரங்க நீங்க. ஃபேமிலி பத்திச் சொல்லுங்க சார்."

"எங்க குடும்பமே காபி பிளான்டர்ஸ்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

இதே மலையில் மஞ்சக்குட்டையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் ராகி விளையும் மேட்டுக்காடும் நாலு கமலா ஆரஞ்சு மரமும் உண்டு. காப்பி என்று பார்த்தால், அவருடைய கூடப்பிறந்த அக்கா கண்ணாயி சீசனில் எஸ்டேட்டுக்குப் பழம் எடுக்கக் கூலிக்குப் போவார். அன்றைக்கும் போயிருந்தார், நாகலூருக்கும் கொட்டச்சேட்டுக்கும் நடுவில் நாங்கள் ஆட வந்திருந்த கோல்ஃப் ரிசார்ட்டின் வேலியை ஒட்டினாற்போல் இருக்கும் எஸ்டேட்டுக்கு. காலையில் போனில் என்னிடம், "தம்பி ஆடறத வேலி வழியா ஒருக்கா எட்டிப் பாக்கலாமா கண்ணு, ஆரும் ஏதும் சொல்லுவாங்களா" என்று கேட்டிருந்தார். வந்து பாருங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அன்றைய ஆட்டம் அருண்குமார் தன் நண்பர்களுக்காக வைத்தது. ஒரு ப்ரோவோடு மூன்று பணக்காரர்கள் சேர்ந்து ஆடுவார்கள். ப்ரோ அவர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார், புகழுவார், போட்டோவுக்கு நிற்பார். கடைசியில் கோப்பை யாருக்கு என்பதெல்லாம் விளையாட்டுதான். எங்களுக்கு அது விளையாட்டில்லை. ஸ்பான்சர் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று ஆட்டம் முடிந்ததும் சொல்வதாக அருண்குமார் சொல்லியிருந்தார். நீட்டிக்காவிட்டால் போட்டிகளுக்குக் கட்டணம் கட்டவே வழியில்லை. ஆட்டமே அதோடு சரி. அதனால் காலையிலிருந்து என் கணவர் எல்லா ஜோக்குக்கும் ஒன்றரை மடங்கு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் குழிக்கு அடிக்கிற மேடு வேலிக்குப் பக்கத்தில் இருந்தது. வலது கைப் பக்கம் கம்பி வேலி, அதற்கப்பால் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி. அங்கே கேமராவை நிறுத்தி பிடித்த ஐந்தாவது விஷயத்தைச் சொல்லச் சொன்னாள் கவியா. அவர் சட்டைக் காலரில் மைக்கைக் குத்தினாள். தலைக்கு மேல் படம் எடுக்கும் ட்ரோன் ஒன்று ஈ மாதிரி இரைந்தது.

"அஞ்சாவது, மரியாதை" என்று ஆரம்பித்தார். "இந்த கேம்ல அம்பயர் கெடையாது. அவங்கவங்க தப்ப அவங்கவங்களே சொல்லிக்கணும். அந்த நேர்மைக்குத்தான் எங்களுக்கு மரியாதை."

அவர் பேசி முடிக்கும்வரை அருண்குமாருக்குப் பொறுக்கவில்லை. மட்டையை எடுத்து ஓங்கி அடித்தார். அவருடைய பந்து தனி. தங்க எழுத்தில் பெயர் பொறித்தது, ஒரு ஆட்டத்துக்கு ஒன்றே ஒன்று. அது கைமாறினால் அன்றைக்கு நேரம் சரியில்லை என்று யாரோ ஜோசியர் சொல்லியிருந்தாராம். ராசியான அந்தப் பந்து வலது பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டிக் காப்பிக்குள் இறங்கியது.

பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் கத்த வேண்டும். ஆட்டத்தின் முதல் பாடமே அதுதான். அடித்தவர் கத்தவில்லை. கத்தினால் பந்து வெளியே போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும். என் கணவர் திரும்பிப் பார்த்தார், வாயைத் திறந்தார், காலரில் மைக் இருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"பந்து வருது, பாத்துங்க" என்று நான் கத்தினேன். ட்ரோன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு வேலிக்கு ஓடினேன். செடிகள் தோளுக்கு மேல் நெருக்கமாக நின்றன. பனி இறங்கி ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.

"அந்தப் பக்கம் பழம் எடுக்கறாங்க சார்" என்றேன் அருண்குமாரிடம்.

"எதுக்கும்மா பதட்டம்? பந்து உள்ளதான் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் வேலியோரம் நடந்து போனார். கால்சட்டைப் பைக்குள் போன கை வெளியே வந்ததை நான் பார்த்தேன். "இந்தா இருக்கு பாரு" என்றார்.

புல் மேல், அடிக்கத் தோதான இடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு பந்து கிடந்தது. காட்டுக்குள் போன பந்து சரிவில் மேடேறி, வேலிக்குள் நுழைந்து, பெயரையும் அழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே போன பந்துக்கு அபராத அடி உண்டு, பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். அவர் அந்தப் பந்து கிடந்த இடத்திலிருந்தே அடித்தார்.

"ஏனுங்க, அது அவர் பந்து இல்லீங்க. பேரே இல்ல" என்று என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மா இருக்கீங்க."

"பையத் தூக்கிட்டு நட சுஜா. இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிட்டிரு."

ஆட்டம் முடிந்ததும் அருண்குமாரின் அடிக் கணக்கு சரிதான் என்று என் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கூட ஆடிய ப்ரோதான் அதைப் போட வேண்டும். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் அருண்குமாருக்குக் கோப்பை.

புல்வெளியில் சூப் கொடுத்தார்கள். எல்லோரும் கோப்பையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, வாட்ச்மேன் தடுக்கத் தடுக்க ஒரு பெண் உள்ளே வந்தார். தலையில் துண்டு, இடுப்பில் பழம் போடும் சாக்கு, காப்பிக் கறை ஏறிய விரல்கள். என் நாத்தனார் கண்ணாயி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். வலது கையைத் துணியால் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். இடது கையில் பந்து.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம். அவரவர் நிரையில், அதாவது அவரவருக்குப் பிரித்துவிட்ட செடி வரிசையில், வாட்ச்சோ கத்தியோ கிடந்தால் அதைத் தனியாகப் போய்க் கொடுக்க மாட்டார்கள். பழம் எடை போடும் இடத்தில் கணக்கெழுதும் ரைட்டரும் மற்ற ஆட்களும் பார்க்க, உடையவர் கையில் கொடுப்பார்கள். மறைவில் கொடுத்தால் பின்னால் திருட்டுப் பட்டம் வந்து சேரும். அந்தக் கணக்கில்தான் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். தங்கத்தில் பேர் போட்ட பொருள், தேடித் தவித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். யாரும் தேடவே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்.

"ஏனுங்க, பேரு போட்ட பந்துங்க. ஆரோடதுன்னு தெரியலைங்க. என்ற நெரையில வந்து உளுந்துச்சு. தேடுவீங்களேன்னு கொண்டாந்தேன்."

சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அருண்குமார் பந்தைப் பார்த்தார். முகம் ஒரு கணம்தான் மாறியது.

"அதுவா? நேத்து பிராக்டிஸ்ல போனதும்மா. வச்சுக்க. புள்ளைங்களுக்கு வெளையாடக் குடு."

"நேத்தைக்கு இல்லீங்க. இன்னிக்குக் காலைலதானுங்க. கைமேலயே வந்து அடிச்சுது." துணியைப் பிரித்துக் காட்டினார். மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. விரல்கள் தாமாக நடுங்கின.

யாரும் கிட்டே வரவில்லை. ஒரு அம்மாள் தன் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ப்ரோ, நீதானே கூடவே இருந்த" என்று அருண்குமார் என் கணவரைப் பார்த்தார். "அது நேத்து போன பந்துதானே?"

என் கணவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. பெரிய இடத்தில் அவனாகச் சொல்லாத உறவை நாமாகச் சொல்லக் கூடாது என்று அப்படியே நின்றார். அந்த நாகரிகம் அங்கே நின்ற ஒருத்தருக்கும் கிடையாது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான். இந்த மனுஷன் வாயைத் திறந்து 'இவங்க என் அக்கா' என்று சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் போகட்டும், பெங்களூரும் போகட்டும்.

"ஆமாங்க சார். நேத்து போனதுதான்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே அடுத்ததையும் சொன்னார். "இந்தப் பக்கம் பந்து பொறுக்கி விக்கறவங்க இருக்காங்க சார். ஏதாச்சும் கெடைக்குமான்னு இப்படி வந்து சொல்லுவாங்க."

அண்ணி துணியை மறுபடி கையில் சுற்றினார். ஒரு கையால் சுற்ற வரவில்லை, பல்லால் கடித்து இழுத்துக்கொண்டார்.

"அப்படீங்களா" என்றார். "அப்ப நான்தான் நாளு தப்பிச் சொல்லிட்டனாட்ட இருக்குதுங்க."

சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பதினோரு வருஷமாக இந்த ஆள் தின்ற தட்டில் தின்றிருக்கிறேன் என்று அருவருப்பாக இருந்தது.

"அது இன்னிக்கு அஞ்சாம் குழியில வேலி தாண்டிப் போன பந்துங்க" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் பாத்தேன், என் வீட்டுக்காரரும் பாத்தாரு. அதுக்கப்புறம் சார் ஆடுனது பாக்கெட்டுல இருந்து எடுத்த பந்து. இவங்க பந்து பொறுக்கறவங்க இல்லீங்க. இவரோட கூடப்பொறந்த அக்கா."

கவியா கேமராவை அணைக்கச் சொன்னாள். என் கணவர் புல்லைப் பார்த்தார். சண்டை வரும், முதலாளி கத்துவார், எங்களை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அருண்குமார் வயிறு குலுங்கச் சிரித்தார். "அட, நம்ம ப்ரோவோட அக்காவா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" கோப்பையைத் தூக்கி இரண்டாவதாக வந்த தன் மைத்துனர் கையில் திணித்தார். "கப்பு எங்க போயிருது, நம்ம குடும்பத்துக்குள்ளதான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு என் கணவர் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டார்.

"ஆனா இவனப் பாருங்க. கூடப்பொறந்தவளே வந்து நிக்கறா, அப்பவும் நம்ம பக்கம் நின்னான். இந்த மாதிரி விசுவாசமான ஆளு இந்தக் காலத்துல எங்க கெடைக்கறான்? அடுத்த மூணு வருஷம் இவன் நம்ம கம்பெனிதான். நான் சொல்லிட்டேன்."

கை தட்டினார்கள். கவியா கேமராவை மறுபடி போடச் சொல்லி, கைதட்டலை இன்னொரு தடவை எடுத்துக்கொண்டாள். என் கணவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று தேடினேன். சந்தோஷம்தான் இருந்தது. இந்த முறை ஸ்பான்சருக்காக மாட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை, நிஜமான சிரிப்பு. அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பந்தை அண்ணி கோப்பை வைத்திருந்த மேஜையில் வைத்துவிட்டு நடந்தார். நானும் கூடப் போனேன். ரோட்டில் ஏற்காட்டுக்குப் போகும் ஷேர் ஜீப் நின்றது. ஏறப் போகும்போது என் கணவர் ஓடிவந்தார்.

"கெடச்சிருச்சு சுஜா. மூணு வருஷம்."

"அண்ணிக்குக் கை ஒடஞ்சிருக்குதுங்க."

"நான் என்ன பண்ணட்டும்? அந்த நேரத்துல வேற என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு. நீ கத்துனதுக்கே எல்லாம் போயிருக்கணும், தப்பிச்சோம்." பிறகு அக்காவிடம் திரும்பினார். "அக்கா, கம்பெனி கார் சும்மாதான் நிக்குது. டிரைவர் இருக்கான். அதுல போயிருங்க."

"வேண்டாஞ் சாமி" என்றார் அண்ணி. "சாக்கோட உக்காந்தா சீட்டு அழுக்காயிரும்."

என் கணவரின் பை என் தோளிலேயே தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். இறக்கி ரோட்டோரச் சேற்றில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். பை நனையும் என்றார்.

கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஆடியபோது அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார். அதற்குள் பழம் எடுக்கும் சீசன் முடிந்துவிடும். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

"எப்படிம்மா ஆச்சு? வழுக்கி விழுந்தீங்களா?"

"இல்லீங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். இந்த மாதிரி வந்து நிற்கும் பெண்களைப் பார்த்துப் பழகியிருப்பார் போல. குரலைத் தாழ்த்தினார். "யாராச்சும் அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"ஆமாங்க."

"யாரு?"

"என்ற தம்பிங்க" என்றார் கண்ணாயி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது உண்மையா? நீங்க யாரு?"

"நான் அவர் பொண்டாட்டிங்க" என்றேன். "அவர் அடிச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."